தாத்தா வாட்சுக்குப் புது முள்: டீ டிகாக்ஷன் போதுமா?

பெரம்பூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்த தாத்தா கட்டிக்கொண்டிருந்த எச்.எம்.டி. பைலட் வாட்ச் இப்போது இவர் கைக்கு வந்திருக்கிறது. கறுப்பு டயல், சாவி கொடுக்கிற மெஷின், ஓட்டத்தில் குறை இல்லை. பழைய முட்கள் துருப்பிடித்து உதிர ஆரம்பித்ததால் கடையில் கொடுத்துப் புதுசு மாட்டியிருக்கிறார். வினை அங்கேதான் வந்தது. டயல் எண்களின் மேல் இருக்கும் ரேடியம் காய்ந்த சந்தனம் மாதிரி பழுப்பேறிக் கிடக்கிறது. புது முள்ளில் இருப்பதோ பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி பளீரென்று அடிக்கிறது. "டீ டிகாக்ஷனில் ஊறவைத்தால் பழசாகிவிடும் என்கிறார்களே, செய்யலாமா? அப்படியே டயலையும் லேசாகச் சூடு காட்டி பிரவுன் ஆக்கலாமா? என்னுடைய சீகோ டைவர் வாட்சில் கண்ணாடியைச் சுற்றி இருக்கிற வளையத்தை பிளீச்சில் போட்டு வெளுக்க வைக்கலாமா?" என்று மூன்று கேள்வி.

சுருக்கமாகச் சொன்னால்: முள்ளைப் பழசாக்கலாம், ஆனால் டீயில் முக்க வேண்டாம். டயலில் கை வைக்காதீர்கள். வளையம் உங்கள் இஷ்டம். ஆனால் அதைக் குளியலறையில் வைத்துச் செய்யாதீர்கள். ஏன் என்று வரிசையாகச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

நான் தொழில் பழகியது பழைய வண்ணாரப்பேட்டையில். எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு பாய், ஆள் உட்காரும் அளவுக்கு மட்டும் இடம், முன்னால் ஒரு கண்ணாடிப் பெட்டி. பள்ளிக்கூட லீவில் போய் உட்கார்ந்தவன் அப்படியே ஒட்டிக்கொண்டேன். அந்தக் காலத்தில் கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: "பாய், புதுசு மாதிரி பண்ணிக் குடு." கல்யாணத்துக்கு வந்த வாட்ச், பத்து வருஷம் மில்லிலும் ஹார்பரிலும் அடிபட்டு வரும். பஃப் போட்டு மெருகேற்று, டயலை மாற்று, பெயின்ட் அடி. இன்றைக்கு அதே வேலைக்காரனிடம் பையன்கள் வந்து "பழசு மாதிரி பண்ணிக் கொடுங்க" என்கிறார்கள். பாட்டி வெள்ளிக்கிழமை தவறாமல் புளி போட்டுத் தேய்த்துக் களைந்த களிம்பைப் பேரன் காசு கொடுத்து வரவழைக்கிறான். சிரிப்பு வரும், ஆனால் உங்கள் விஷயத்தில் கேட்பது நியாயம். ஒரே வாட்சில் முள்ளுக்கு ஒரு வயசு, டயலுக்கு ஒரு வயசு இருந்தால் கண்ணை உறுத்தத்தான் செய்யும்.

முதலில் அந்த ரேடியத்தைப் பற்றி. நம் ஊரில் இருட்டில் மின்னுகிற எதுவானாலும் ரேடியம்தான். ஆட்டோ பின்னால் ஒட்டுகிற ஸ்டிக்கர் ரேடியம், சுவிட்ச் மேல் இருக்கிற பொட்டு ரேடியம், கூரையில் ஒட்டுகிற நட்சத்திரம் ரேடியம். அதில் எதிலும் ரேடியம் கிடையாது. ஆனால் ஒரு காலத்து வாட்ச்களில் நிஜமாகவே இருந்தது. துத்தநாக சல்பைடு என்ற பொடியோடு துளி ரேடியத்தைக் கலந்து பூசுவார்கள். ரேடியத்திலிருந்து வரும் கதிர் பட்டுப் பட்டு அந்தப் பொடி மின்னிக்கொண்டே இருக்கும். அமெரிக்காவில் 1917 வாக்கில் தொடங்கி இந்த வேலை செய்த பெண்கள் பிரஷ் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கிக் கூராக்கித் தாடை எலும்பு அரித்துச் செத்தார்கள். அறுபதுகளில் ரேடியம் போய் இன்னொரு கதிரியக்கப் பொருளான டிரிடியம் வந்தது. டயல் அடியில் ஸ்விஸ் என்ற சொல்லுக்கு இரண்டு பக்கமும் 'டி' என்று ஆங்கில எழுத்து இருந்தால் அது டிரிடியம். அதன் வீரியம் பன்னிரண்டு சொச்சம் வருஷத்துக்கு ஒருமுறை பாதியாகும். ரேடியத்துக்கு அப்படிப் பாதியாக 1,600 வருஷம் ஆகும். 1993இல் ஜப்பானின் நெமோட்டோ நிறுவனம் கதிரியக்கம் இல்லாத ஒரு பொடியைக் கொண்டுவந்தது; ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட். இப்போது நல்ல வாட்ச்களில் வருவது பெரும்பாலும் அந்த வகைதான். வெளிச்சத்தைக் குடித்து வைத்துக்கொண்டு இருட்டில் கக்கும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பழைய டயலில் ஒளிராமல் பழுப்பாகக் கிடப்பது 'செத்துப்போன' பூச்சு என்று நினைத்து ஊசியால் சுரண்டுகிறார்கள். ஒளிர்கிற பொடிதான் கதிர் பட்டுப் பட்டுத் தேய்ந்து போயிருக்கிறது. உள்ளே ரேடியம் இருந்தால் அது அப்படியேதான் இருக்கும். கண்ணாடிக்கு உள்ளே இருக்கிறவரை பெரிதாகக் கவலைப்பட ஒன்றும் இல்லை. சுரண்டித் தூசியாக்கி மூச்சில் இழுப்பதுதான் ஆபத்து. உங்கள் வாட்சில் இருப்பது எந்த வகை என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் எந்தப் பழைய டயலையும், பழைய முள்ளையும் சுரண்டாதீர்கள், உப்புத்தாள் போடாதீர்கள், ஊதாதீர்கள். அந்தத் துருப்பிடித்த பழைய முட்களைக் கழற்றிக் கொடுத்தார்கள் இல்லையா, அதையும் வெறும் கையால் நோண்டிக்கொண்டு இருக்க வேண்டாம்.

சரி, புது முள்ளுக்கு வருவோம்.

டீ டிகாக்ஷன் முறை பொய் இல்லை. சில பூச்சுகள் மண்சுவர் மாதிரி துளை துளையாக இருக்கும், சாயத்தை உறிஞ்சும். பாலும் சர்க்கரையும் போடாத கெட்டி டிகாக்ஷனில் ஒரு மணி நேரம் போட்டால் நிறம் ஏறும். ஆனால் இன்றைக்கு வருகிற முட்களில் பாதிக்கு மேல் பூச்சு வார்னிஷ் கலந்தது. சாயம் வெளியே முத்து முத்தாக நிற்குமே தவிர உள்ளே இறங்காது. அது ஒரு தொல்லை. அடுத்த தொல்லை, முள் இரும்பாக இருந்தால் டிகாக்ஷன் பட்ட இடமெல்லாம் கறுக்கும், ஓரத்தில் துரு கிளம்பும். தாத்தாவின் முள் துருப்பிடித்ததால்தானே மாற்றினீர்கள்? மறுபடியும் அதையே கொண்டுவந்து நிறுத்தவா? முள்ளைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு சின்னக் காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் பித்தளை. காந்தம் வாட்ச் பக்கமே வரக் கூடாது. மெஷினில் மயிரிழை ஸ்பிரிங்குக்குக் காந்தம் ஏறினால் தாறுமாறாக வேகம் பிடிக்கும், அதற்கு வேறு செலவு.

மூன்றாவது தொல்லைதான் பெரியது, பலருக்கும் இது தோன்றுவதே இல்லை. நிறம் பொருந்தினாலும் ஒளி பொருந்தாது. கள்ள நோட்டு பார்க்கிற ஊதா லைட் ஒன்றை டயல் மேல் அடித்து உடனே அணைத்துப் பாருங்கள். பழைய எண்கள் மின்னினால் ஒரு நொடி மின்னி அணையும், இல்லாவிட்டால் மின்னவே மின்னாது. புது முள் மட்டும் தனியாகப் பச்சை நெருப்பு மாதிரி நின்று எரியும். பகலில் ஜோடி, ராத்திரியில் விரோதி. பழைய வாட்ச் வாங்குகிறவர்கள் பையில் எப்போதும் அந்த லைட் இருக்கும், காரணம் இதுதான்.

அதனால் நான் செய்வது: புது முள்ளில் இருக்கிற பூச்சை முழுக்க எடுத்துவிட்டு, ஒளிராத கலவையை நானே போடுவது. புது முள் என்பதால் எடுப்பதில் ஆபத்து இல்லை. நெயில் பாலிஷ் அழிக்கிற திரவம், அசிட்டோன் உள்ளதாகப் பார்த்து, ஒரு மூடியில் ஊற்றி முள்ளை அரைமணி போடுங்கள். பூச்சு இளகி வரும். முள்ளின் மேலேயே பெயின்ட் இருந்தால் அதுவும் சேர்ந்து வந்துவிடும், அதனால் முதலில் விநாடி முள்ளின் வால் நுனியில் பஞ்சால் ஒற்றிப் பாருங்கள்.

கலவைக்குப் பெரிய பொருள் ஒன்றும் வேண்டாம். ஓவியம் வரைகிறவர்கள் வாங்குகிற அக்ரிலிக் பெயின்ட்டில் வெள்ளை, மஞ்சள் காவி, பழுப்பு மண் நிறம் மூன்றும் சின்ன ட்யூப். மினுமினுப்பு இல்லாத மேட் வகை. கூட ஒரு சிட்டிகை முகத்துக்குப் போடுகிற டால்கம் பவுடர். பவுடர் எதற்கு? பழைய பூச்சை ஐகிளாஸ், அதாவது நாங்கள் கண்ணில் இடுக்கிக்கொள்கிற பூதக்கண்ணாடி, வைத்துப் பார்த்தால் தெரியும், அது வழுவழுப்பாக இருக்காது. ரவை மாதிரி நொறுநொறுவென்று இருக்கும். வெறும் பெயின்ட் பூசினால் நிறம் அச்சாக இருந்தும் ஏதோ பிளாஸ்டிக் மாதிரி தெரியும். ஆளுக்கு ஆள் நிறத்தையே கட்டிக்கொண்டு மாரடிக்கிறார்கள். என் அனுபவத்தில் கண்ணை ஏமாற்றுவதில் பாதி வேலை அந்த நொறுநொறுப்புதான் செய்கிறது.

இருட்டில் மணி தெரிந்தே ஆக வேண்டும் என்பவர்கள் ஒளிரும் பொடியில் நிறம் கலக்கலாம். அப்போது அக்ரிலிக் ஆகாது. அது தண்ணீர் சார்ந்தது, ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட் பொடிக்குத் தண்ணீர் பகை. வார்னிஷில்தான் கலக்க வேண்டும், நிறத்துக்கும் உலர்ந்த பொடிதான். எவ்வளவு பழுப்பு கலக்கிறீர்களோ அவ்வளவு ஒளி குறையும். கம்பெனிக்காரர்களே இப்போது புது வாட்ச்களில் பழைய ரேடியம் நிறம் என்று சாயம் போட்ட பூச்சு விடுகிறார்கள். சிலருக்கு அது பிடிக்கிறது. எனக்கு அது பிறந்த குழந்தைக்கு வெள்ளைத் தாடி ஒட்டிய மாதிரி.

நிறம் பார்ப்பதை ட்யூப்லைட்டில் செய்யாதீர்கள். ஜன்னல் ஓரம், காலை பத்து மணி வாக்கில். வெள்ளையில் மஞ்சள் காவி கலந்து, பழுப்பை ஊசி முனையில் தொட்டுத் தொட்டுச் சேர்க்க வேண்டும். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம். அதனால் கலவை ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளி வெள்ளை அட்டையில் வைத்துக் காயவிட்டு, அட்டையை டயல் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். உங்கள் டயலில் பன்னிரண்டு எண்ணும் ஒரே நிறமாக இருக்காது. தண்ணீர் இறங்குவது பெரும்பாலும் சாவிப் பக்கம் என்பதால் மூன்று மணி அருகே கொஞ்சம் கறுத்திருக்கும். நடுத்தரமாக இருக்கிற எண்ணோடு பொருத்துங்கள். ரொம்பக் கறுத்ததோடு பொருத்தினால் முள் அழுக்காகத் தெரியும்.

பதம் முக்கியம். இட்லி மாவுக்கும் தோசை மாவுக்கும் நடுவில். முள்ளின் நடுவில் ஓட்டை இருக்கிற ரகம் என்றால் முள்ளைக் குப்புறப் போட்டு, அடிப்பக்கத்திலிருந்து ஊசியால் ஒரு சொட்டை ஓட்டையின் ஒரு முனையில் வைத்து மெல்ல இழுத்துக்கொண்டே வாருங்கள். சோப்புத் தண்ணீர் வளையத்தில் படலம் கட்டுமே, அந்த மாதிரி கலவை ஓட்டையை மூடிக்கொண்டே வரும். நடுவில் நிறுத்தினீர்களோ, அந்த இடத்தில் ஒரு கோடு விழும், போச்சு, துடைத்துவிட்டு முதலிலிருந்து. எனக்கே இன்றைக்கும் இரண்டு தடவையாவது துடைக்காமல் நிற்பதில்லை. நிமிர்த்திப் பார்த்தால் முன்பக்கம் லேசாகக் குழிந்திருக்க வேண்டும். புடைத்துக்கொண்டு இருந்தால் மேலே ஓடுகிற முள்ளில் இடிக்கும்.

மேலே ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு மறுநாள் வரை தொடாதீர்கள். நம் பக்கத்துத் தூசிக்கு அது இல்லாமல் முடியாது. திருவொற்றியூர் ஹைரோட்டில் கன்டெய்னர் லாரி போகிற வீடு என்றால் இரண்டு டம்ளர்கூட வைக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையை எடுக்காதீர்கள். காற்றில் ஈரம் ஏறி இருக்கும்போது வார்னிஷ் காய்ந்தால் பால் ஊற்றிய மாதிரி வெளுத்துப் போகும்.

காய்ந்த பிறகு ஓரம் பார்க்க வேண்டும். இங்கேதான் உங்கள் டிகாக்ஷனுக்கு வேலை. பழைய பூச்சில் ஓரம் கறுத்து நடு வெளிறி இருக்கும், உலோகத்தை ஒட்டிய இடத்தில் அழுக்கும் துருவும் கசிந்திருப்பதால். மூன்று மயிர் உள்ள பிரஷ்ஷை டிகாக்ஷனில் தொட்டு, துணியில் ஒற்றிவிட்டு, ஈரம் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வருகிற பதத்தில் ஓரத்தை மட்டும் வருடுங்கள். பித்தளை முள் என்றால் மட்டும். இரும்பு என்றால் அதே வேலையைத் தண்ணீராகக் கரைத்த பழுப்புப் பெயின்ட்டில் செய்யுங்கள்.

பூச்சு பழசாகி, முள்ளின் உலோகம் புதுசாகப் பளபளத்தால் அதுவும் காட்டிக்கொடுக்கும். அதற்கு உப்புத்தாள் எல்லாம் வேண்டாம். பழைய பருத்தி வேட்டித் துணியில் துளி மெட்டல் பாலிஷ் தொட்டு, விரலால் நாலு தடவை ஒரே திசையில் இழுத்தால் அந்தக் கண்ணாடிப் பளபளப்பு தணியும். நீலம் போட்ட முள் என்றால் இந்த வேலையே வேண்டாம். அது பெயின்ட் இல்லை. இரும்பைச் சுமார் 300 டிகிரிக்குச் சூடாக்கும்போது மேலே படியும் மெல்லிய படலம். வைக்கோல் நிறம், பழுப்பு, ஊதா என்று மாறிக்கொண்டே வந்து நீலத்தில் நிறுத்துவார்கள். பாலிஷ் பட்டால் போய்விடும்.

அடுத்தது டயல். இதில் என் கதையைச் சொல்லியாக வேண்டும்.

சங்கதி இதுதான்: ஐம்பது, அறுபதுகளில் வந்த சில கறுப்பு டயல்கள் வெயிலும் ஈரமும் பட்டு, அந்தப் பெயின்ட்டின் குறைபாட்டால் சாக்லேட் நிறத்துக்கு மாறின. சேர்ப்பவர்கள் அதற்கு 'டிராபிகல் டயல்' என்று பெயர் வைத்துப் பல மடங்கு விலை கொடுக்கிறார்கள். எங்கோ அதைக் கேள்விப்பட்டு, எனக்கு இருபத்திரண்டு வயசு இருக்கும்போது, கடையில் கிடந்த ஒரு கறுப்பு டயலை வீட்டுக்கு எடுத்து வந்தேன். அம்மா தோசை வார்த்து முடித்த கல்லில், அடுப்பைச் சின்னதாக வைத்து, ட்வீசரில் டயலைப் பிடித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றுமே ஆகவில்லை. சரி, கல்லில் வைத்தே பார்ப்போம் என்று வைத்தேன். ஓரத்தில் முதலில் கடுகு அளவு ஒரு கொப்புளம். அடுத்து ஏழு மணி பக்கம் இரண்டு. எடுக்கலாம் என்று ட்வீசரை நீட்டுவதற்குள் மேலே பூசிய வார்னிஷ் முழுக்க அப்பளம் மாதிரி எழும்பி, அச்சடித்த எழுத்துகள் அந்தக் கொப்புளத்தின் மேல் ஏறி உட்கார்ந்து வளைந்து நின்றன. பிரவுனாக ஆனது அம்மாவின் முகம்தான். பெயின்ட் பட்ட கல்லில் அதற்குப் பிறகு தோசை வார்க்கவே இல்லை. பாயிடம் காட்டினேன். ஐகிளாஸைக் கண்ணில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். "இதுக்குப் பின்னாடி ரெண்டு கால் நல்லாத்தான் இருக்கு" என்றார். டயலை மெஷினில் பொருத்துகிற இரண்டு குச்சியைத்தான் கால் என்போம். அவ்வளவுதான் திட்டு.

நாற்பது வருஷம் வெயில் செய்ததைப் பத்து நிமிஷச் சூடு செய்யாது. சூடு செய்வது வேறு வேலை. இன்னொரு விஷயம், உங்கள் டயல் ஏற்கெனவே பழசு, ஏற்கெனவே அசல். எச்.எம்.டி. 1961இல் ஜப்பான் சிட்டிசனோடு கூட்டுச் சேர்ந்து பெங்களூருவில் வாட்ச் செய்ய ஆரம்பித்தது. 2016இல் அந்த வாட்ச் கம்பெனியை மூட மத்திய அரசு முடிவெடுத்தது. அந்தக் காலத்து டயல் இனிமேல் அச்சாகப் போவதில்லை. சந்தையிலோ பெயின்ட் அடித்த டயல்கள் குவிந்து கிடக்கின்றன. மஞ்சள், ரோஸ், கிளிப்பச்சை என்று கம்பெனி விடாத நிறமெல்லாம் அடித்து வெளிநாட்டுக்கு விற்கிறார்கள். வாங்கி ஏமாந்தவர்கள் அதற்கு 'மும்பை ஸ்பெஷல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அப்படிப்பட்ட ஊரில் புள்ளி விழுந்த அசல் டயல் ஒன்று கையில் இருப்பது சாமானியம் இல்லை. தூசி இருந்தால் ரப்பர் பல்பால் காற்று அடிக்கச் சொல்லுங்கள், அதுவும் கடைக்காரரிடம். ஈரத்துணிகூட ஆகாது, எழுத்து துணியோடு வந்துவிடும்.

பழசாக்கும் வித்தை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு சேதி. 2021 நவம்பரில் ஜெனீவாவில் பிலிப்ஸ் ஏலத்தில் ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் ஒன்று, 1957இல் வந்த முதல் ரகம், பிரவுன் ஆன டயலோடு, 31 லட்சம் ஸ்விஸ் ஃப்ராங்குக்கு மேல் போனது. வாங்கியது ஒமேகாவின் சொந்த அருங்காட்சியகம். 2023இல் ஒமேகாவே வெளியே வந்து சொன்னது: அது பல வாட்ச்களின் பாகங்களைச் சேர்த்துக் கட்டியது, இதில் முன்னாள் ஊழியர்கள் மூன்று பேருக்குப் பங்கு இருக்கிறது என்று. செய்த கம்பெனியே ஏமாறும் அளவுக்குத் தொழில் முன்னேறிவிட்டது. அதனால் நீங்கள் முள்ளை மாற்றியதை எங்காவது எழுதி வையுங்கள். நாளைக்கு உங்கள் பிள்ளை விற்றாலும் வாங்குகிறவனிடம் சொல்லத் தெரிய வேண்டும்.

சீகோ வளையம். இதில் எனக்குத் தயக்கம் குறைவு, ஏனென்றால் அலுமினிய வளையம் மாற்றக் கிடைக்கிறது. உங்கள் அசலைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு, மலிவாக ஒன்று வாங்கி அதில் விளையாடுங்கள். பர்மா பஜார் பக்கம் பழைய வாட்ச் பாகம் வைத்திருப்பவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம். பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் 1969இல் போட்ட கடைகள். அந்த நாளில் நம் ஏரியாவில் சீகோ கட்டியவர்களில் முக்கால்வாசிப் பேர் வாங்கியது அங்கேதான். பில் எல்லாம் கேட்கக் கூடாது.

அலுமினிய வளையத்தில் இருப்பது மேலே பூசிய பெயின்ட் இல்லை. மின்சாரம் பாய்ச்சி மேல்தோலில் கண்ணுக்குத் தெரியாத துளைகளை உண்டாக்கி, அதற்குள் சாயத்தை இறக்கி, மூடிவிடுவார்கள். வெயிலின் புற ஊதாக் கதிர் அந்தச் சாயத்தை மெல்ல உடைக்கும். கறுப்பு என்பது பெரும்பாலும் பல சாயங்களின் கலவை. ஒன்று சீக்கிரம் சாகும், இன்னொன்று தாக்குப் பிடிக்கும். அதனால்தான் கறுப்பு வளையம் நேராகச் சாம்பல் ஆகாமல் நடுவில் ஊதாவோ பழுப்போ காட்டுகிறது. பிளீச் அதே வேலையை நிமிஷக் கணக்கில் செய்கிறது. கடையில் துணி வெளுக்க விற்கிற திரவ பிளீச்சில் நாலு பங்கு தண்ணீர் கலந்து, வளையத்தை நூலில் கட்டி இறக்கி, அரை நிமிஷத்துக்கு ஒருமுறை தூக்கிக் கழுவிப் பாருங்கள். வேகம் வளையத்துக்கு வளையம் மாறும். ஒன்றில் ஐந்து நிமிஷம் ஆனது. இன்னொன்றில் நான் திரும்பிப் பார்ப்பதற்குள் எண்கள் போய் அலுமினியத்தட்டு மாதிரி ஆகிவிட்டது. விட்டுவைத்தால் பிளீச் அலுமினியத்தையே அரிக்கும், சொறி பிடித்த மாதிரி குழி விழும். நினைத்த நிறத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே எடுத்து ஓடும் தண்ணீரில் நன்றாக அலசுங்கள். செராமிக் வளையம் என்றால் இது எதுவும் பலிக்காது.

குளியலறை வேண்டாம் என்றது இதனால்தான். அங்கே கழிவறைக்கு ஊற்றுகிற ஆசிட் இருக்கும். பிளீச்சும் ஆசிடும் சேர்ந்தால் குளோரின் வாயு. வினிகரோ எலுமிச்சையோ சேர்ந்தாலும் அதே கதைதான். அம்மோனியா உள்ள கண்ணாடி துடைக்கிற திரவமும் சேரக் கூடாது, அதிலும் விஷவாயுதான் வரும். மொட்டை மாடிக்குப் போங்கள், கையுறை போட்டுக்கொள்ளுங்கள், வேறு எந்தப் பாட்டிலும் பக்கத்தில் இருக்க வேண்டாம்.

அவசரம் இல்லாதவர்களுக்கு மாடியே போதும். என் தண்ணீர்த் தொட்டி மேல் ஒரு வளையத்தை இரண்டு வருஷம் ஒட்டி வைத்திருந்தேன். இரண்டு அக்னி நட்சத்திரம், இரண்டு மழை. தெற்கே பார்த்த பாதி வெளுத்து, மறுபாதி கறுப்பாகவே நின்று, நடுவில் எங்கே மாறுகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாமல் இருந்தது. பிளீச்சில் அந்த மாதிரி வந்ததே இல்லை. காசிமேட்டிலிருந்து வருகிற வாட்ச்களிலும் அதைப் பார்க்கலாம். போட்டில் போகிறவர் கையில் கிடந்த வாட்சில் வளையத்தின் வெளிப்பாதிதான் வெளுத்திருக்கும், சட்டைக் கை மூடுகிற பாதி கறுப்பாக இருக்கும்.

வாட்சின் வெளிக்கூடான கேஸைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து கேட்பீர்கள். சாவிக்கொத்தோடு டப்பாவில் போட்டுக் குலுக்கினால் பழசாகும் என்று ஒரு யோசனை சுற்றுகிறது. குலுக்கினால் கீறல் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி விழும். மனுஷன் கட்டிய வாட்சில் அப்படி விழாது. இடது கையில் கட்டியவர் என்றால் வெளிப்பக்கம் கதவிலும் மேஜையிலும் இடிபட்டிருக்கும். வார் கோர்க்கிற கொம்பின் அடிப்பக்கத்தில் வேர்வை அரித்திருக்கும். சாவியை ஒட்டிய இடம், தினமும் காலையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பட்டுப் பட்டு, மழுங்கி வழுவழுவென்று இருக்கும். பழைய சாவி வாட்ச்களில் நிறைய பித்தளை மேல் குரோம் முலாம் போட்டவை. முலாம் தேய்ந்து மஞ்சள் எட்டிப் பார்ப்பது முதலில் அந்த இடங்களில்தான். உங்கள் தாத்தா வாட்சை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஒரு பக்கக் கொம்பு மட்டும் அதிகமாகத் தேய்ந்திருந்தால், அவர் வேலை செய்யும்போது அந்தப் பக்கம் எதிலோ உராய்ந்துகொண்டே இருந்திருக்கிறது. அதை பஃப் போட்டு எடுக்கிறேன் என்று யார் சொன்னாலும் கொடுக்காதீர்கள்.

வெண்கலக் கேஸ் வைத்திருக்கிற வேறு யாராவது படித்தால் அவர்களுக்கு ஒரு வரி: மெஷினையும் டயலையும் கழற்றிவிட்டு, நன்றாக வேகவைத்த முட்டையை இரண்டாக வெட்டி, கேஸோடு மூடிய டப்பாவில் சில மணி நேரம் வையுங்கள். மஞ்சள் கருவிலிருந்து வரும் கந்தக வாயு பழுப்பேற்றிவிடும். முட்டையை அப்புறம் சாப்பிடாதீர்கள்.

மறுபடி உங்கள் முள்ளுக்கே வந்து முடிக்கிறேன். மாட்டுகிற வேலையை நீங்களே செய்யாதீர்கள், இரண்டு முள்ளையும் கெடுத்த பிறகுதான் கை பழகும். கடைக்காரர் சின்ன முள், பெரிய முள் இரண்டையும் பன்னிரண்டில் நேராக வைத்து அழுத்தியதும், சாவியை இழுத்துப் பன்னிரண்டு மணி நேரமும் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். பக்கவாட்டில் கண்ணை வைத்து, முள்ளுக்கும் முள்ளுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். புதுப் பூச்சு கனமாக விழுந்திருந்தால் அங்கேதான் இடிக்கும். பழைய கண்ணாடி உடைந்திருந்தால் ஒழிய மாற்றாதீர்கள்; அது பிளாஸ்டிக்தான், டூத்பேஸ்ட் தொட்டு மெல்லிய துணியால் பொறுமையாகத் தேய்த்தால் சின்னக் கீறல் எல்லாம் போய்விடும், அந்த லேசான மஞ்சள் மட்டும் நிற்கும். புது முள்ளுக்கு அந்த மஞ்சள் பெரிய உதவி.

தாத்தாவின் துருப்பிடித்த முட்களை மாத்திரை போடுகிற சின்ன ஜிப் கவரில் வைத்து மூடி, எந்தத் தேதியில் எந்தக் கடையில் மாற்றினீர்கள் என்று ஒரு துண்டுச் சீட்டு எழுதி, பெட்டியில் வாட்சுக்கு அடியில் போட்டு வையுங்கள்.